பரதம் ஆடின உடம்புக்கு ஜாஸ் ஃபங்க் வருமா?

கேள்வி, 2023 மார்ச் 12

வயசு 31. ஏழு வயசுல இருந்து பதினாறு வரைக்கும் பரதம். சலங்கை பூஜை ஆச்சு, அரங்கேற்றம் ஆகல. இப்ப நியூ ஜெர்சியில இருக்கேன். ஜாஸ் ஃபங்க் டான்ஸ் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கூட வேலை பாக்கிற பொண்ணு ஒருத்தி, "பரதம் பழகின உடம்பு இதுக்கு வளையாது, முதல்ல அதை மறக்கணும், ஒரு வருஷம் பாலே போகணும், அப்புறம்தான் இதெல்லாம்"னு சொல்றா. அப்படியா? ஆரம்பிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில், 2023 மார்ச் 12, ராத்திரி

மறக்க வேண்டியது ஒண்ணுமில்ல. பாலேயும் கட்டாயம் இல்ல. நானும் பாதியில விட்ட பரதம்தான், மாயவரத்துல எட்டு வருஷம். ஜாஸ் ஃபங்க் ஆரம்பிச்சப்ப வயசு 33, இப்ப 35. சனிக்கிழமை காலையில ஜர்னல் ஸ்கொயர்ல பாத் ரயில் ஏறி, மன்ஹாட்டன்ல 33வது தெருவுல இறங்கி, அங்க இருந்து நடந்து போவேன். முடிஞ்ச வாரம் புதன்கிழமையும் ஒரு கிளாஸ்.

கிளாஸ் பட்டியல்ல ஒரு விஷயம் கவனிங்க. "பிகினர்"னு போட்டிருந்தா உடனே பணம் கட்டிடாதீங்க. இந்த ஊர்ல தொழில்முறை ஆட்டக்காரங்க வர்ற ஸ்டூடியோவுல பிகினர்னா ஏற்கெனவே ரெண்டு மூணு வருஷம் ஆடினவங்க நிப்பாங்க. நமக்கு வேண்டியது "அப்சல்யூட் பிகினர்" இல்லன்னா "பேசிக்"னு போட்டது. இது தெரியாம என் முதல் கிளாஸுக்குப் போயிட்டேன். கால் மணி நேரத்துல நாலு எட்டு, அதாவது எட்டெட்டு எண்ணிக்கையா நாலு தொகுதி அசைவு, சொல்லிக் குடுத்து முடிச்சுட்டாங்க. நான் ரெண்டாவது எட்டுல நிக்கிறேன். டீச்சர் திரும்பியே பாக்கல. அன்னைக்கு ரயில்ல திரும்பி வரும்போது தொண்டை அடைச்சுது. அடுத்த மூணு மாசம் அந்தப் பக்கமே போகல. அந்த மூணு மாசத்தை நீங்க இழக்கக் கூடாதுன்னுதான் இதை முதல்ல எழுதறேன்.

2023 மார்ச் 13

ஜாஸ் ஃபங்க்னா என்னன்னு நேத்து சொல்லாமலே விட்டுட்டேன். ஜாஸ் நடனத்தோட கோடுகள், திருப்பம், உதை எல்லாம் இருக்கும். அதுக்கு மேல ஹிப் ஹாப்போட கனமும் அழுத்தமும் ஏறும். பாப் பாடகிகளோட மேடையில பின்னாடி ஆடறவங்க ஆடறது பெரும்பாலும் இந்த வகைதான். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஸ்டூடியோக்கள்ல வளர்ந்தது. சில இடத்துல ஸ்ட்ரீட் ஜாஸ்னு போடுவாங்க, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

இன்னொண்ணு: பாட்டு கேக்கலாம்னு "ஜாஸ் ஃபங்க்"னு தேடினீங்கன்னா வேற ஒரு உலகம் வரும். அது 1970கள்ல வளர்ந்த இசை வகை, 1973ல ஹெர்பி ஹான்காக் கொண்டுவந்த ஆல்பம் மாதிரி. அருமையான இசைதான், ஆனா கிளாஸ்ல போடறது பெரும்பாலும் இன்னைக்கு ரேடியோவுல ஓடற பாப்பும் ஆர் அண்ட் பியும்.

2023 மார்ச் 18

இன்னைக்கு கிளாஸ் முடிஞ்சு வந்தவுடனே எழுதறேன். பரதம் எங்க உதவுது, எங்க இடிக்குதுன்னு கேட்டீங்க.

முதல் இடி பாதம். நமக்கு அரைமண்டி ரத்தத்துல ஊறினது. முட்டியை மடக்குன்னு சொன்னா ரெண்டு முட்டியும் பக்கவாட்டுல திறந்துக்கும். ஜாஸ் ஃபங்க்ல பெரும்பாலும் பாரலல், அதாவது ரெண்டு பாதமும் ரயில் தண்டவாளம் மாதிரி நேரா முன்னாடி பாக்கணும், முட்டி ரெண்டாவது விரலுக்கு நேர் மேல வரணும். முதல் ஆறு மாசம் எனக்கு ஒவ்வொரு கிளாஸ்லயும் கிடைச்ச திருத்தம் இது ஒண்ணுதான். கண்ணாடியில பாத்தா நேரா இருக்கிற மாதிரி தெரியும், குனிஞ்சு பாத்தா பத்து மணி பத்து நிமிஷம் காட்டற கடிகாரம் மாதிரி பாதம் விரிஞ்சு நிக்கும்.

ரெண்டாவது இடுப்பு. இதுதான் பெருசு. "இடுப்பு ஆடக் கூடாது"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. உச்சந்தலையில இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே தூணா நிக்கப் பழகியிருக்கோம். இங்க அந்தத் தூணைத் துண்டு துண்டாப் பிரிக்கணும். தலை தனி, தோள் தனி, விலா தனி, இடுப்பு தனி. இதுக்குப் பேரு ஐசொலேஷன். விலாவை வலப்பக்கம் நகர்த்துன்னு டீச்சர் சொன்னா எனக்கு இடுப்பும் சேர்ந்தே போச்சு. வீட்டுல தரையில சம்மணம் போட்டு உக்காந்து பழகினதுலதான் வழி கிடைச்சுது. உக்காந்துட்டா இடுப்பு நகர முடியாது, அதனால விலா தனியா போயே ஆகணும். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, யாரோ ஒருத்தர் உங்க விரல் நுனியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு வலம், நடு, இடம், நடு. தோள் சாயக் கூடாது. தினம் அஞ்சு நிமிஷம் போதும். ஒரு மாசத்துல நின்னுக்கிட்டும் வரும்.

மூணாவதைச் சொல்றது கஷ்டம். நாம தரையைத் தட்டுவோம், நெஞ்சு மட்டும் எப்பவும் நிமிர்ந்து மேல நிக்கும். இங்க மொத்த எடையும் கீழே இறங்கணும், நெஞ்சு உட்பட. ஒவ்வொரு தாளத்துக்கும் முட்டி லேசா மடங்கி மடங்கி, தரைக்குள்ள உக்கார்ற மாதிரி. எனக்கு இது இன்னும் முழுசா வரல.

உதவறது என்னன்னு நாளைக்கு எழுதறேன், பையன் தூங்கணும்.

2023 மார்ச் 19

உதவறது: தொடை வலு, கெண்டைக்கால் வலு. குதித்துமெட்டு அடவு போட்டுப் பழகின முன்பாதம் பால் சேஞ்ச்சுக்கு அப்படியே உதவுது. பால் சேஞ்ச்னா எடையை ஒரு பாதத்தோட முன்பகுதிக்கு மாத்தி உடனே அடுத்த காலுக்குத் தர்றது, பாதி கவுண்ட்ல நடக்கும். முகபாவம் நமக்கு இயல்பா வரும். பக்கத்துல நிக்கிற பொண்ணுங்களுக்கு எல்லா அசைவும் சுத்தமா இருக்கும், முகம் மட்டும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்.

அப்புறம் அட்டமி, நம்ம கழுத்தசைவு! தலை ஐசொலேஷன் ஆரம்பிச்ச அன்னைக்கு டீச்சர், "தாடையைத் தரைக்கு இணையா வெச்சுக்கிட்டு தலையைப் பக்கவாட்டுல நகர்த்துங்க, சாய்க்காதீங்க"ன்னாங்க. கிளாஸ் மொத்தமும் தலையைச் சாய்ச்சுக்கிட்டு இருந்துது. எனக்கு எட்டு வயசுல வந்தது, அப்படியே வந்துது. டீச்சர் பாட்டை நிறுத்திட்டு, "நீ எங்க கத்துக்கிட்ட?"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் அந்த அறையில என்கிட்ட யாரும் பேசினதில்ல.

2023 ஏப்ரல் 2

அட்டமி விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருந்துது, தேடிப் படிச்சேன். உக்காந்து படிங்க.

ஜாக் கோல்னு ஒருத்தர், 1911ல பொறந்து 1974ல இறந்தார். மர்லின் மன்றோவுக்கு ஆட்டம் அமைச்சவர். அமெரிக்காவுல மேடை ஜாஸ் நடனத்தோட தந்தைன்னு இவரைத்தான் சொல்வாங்க. இவர் லா மெரிங்கிற அமெரிக்க நடனக்காரிகிட்ட பரதநாட்டியம் படிச்சிருக்கார். லா மெரி இந்தியாவுக்கே வந்து கத்துக்கிட்டவங்க, 1940ல ரூத் செயின்ட் டெனிஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க நடனக்காரியோட சேர்ந்து நியூயார்க்ல இந்திய நடனப் பள்ளியே நடத்தினவங்க. ஜாக் கோல் அந்தக் கழுத்து, கை, கண் அசைவுகளை ஸ்விங்ங்கிற ஜாஸ் இசைக்கு வெச்சு இதே நியூயார்க் இரவு விடுதிகள்ல ஆடினார். ஹிந்து ஸ்விங்னு பேரு. அவர்கிட்ட பழகினவங்க, அவரைப் பாத்து வளர்ந்தவங்க வழியாத்தான் ஜாஸ் கிளாஸ்ல ஐசொலேஷன் வந்துது. ஆகமொத்தம் சனிக்கிழமை நான் செஞ்சது நம்ம ஊர்ல இருந்து கிளம்பி சுத்திட்டு என்கிட்டயே திரும்பி வந்தது. ஜாஸே நம்மகிட்ட இருந்து போனதுதான்னு சொல்லலாம் போல இருக்கு.

2023 ஏப்ரல் 4

மேல எழுதினதோட கடைசி ரெண்டு மூணு வரியைத் திருத்தறேன். அழிக்காம வெக்கிறேன், ஏன்னா எழுதினப்ப நெஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

ஜாக் கோல் பரதம் படிச்சது உண்மை. ஆனா அந்தத் துளியை வெச்சு ஜாஸே நம்மதுன்னு எழுதினது தப்பு. ஜாஸ் நடனத்தோட வேர் கறுப்பின அமெரிக்கர்களோடது. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா கொண்டுவரப்பட்டவங்க உடம்புல சுமந்து வந்த தாளம் அது. தோள் ஒரு தாளத்துல, இடுப்பு இன்னொரு தாளத்துலன்னு பிரிச்சு ஆடறது அங்க காலங்காலமா இருக்கு. கறுப்பின அமெரிக்க நடனக்காரி கேத்தரின் டன்ஹம் 1935, 36ல கரீபியன் தீவுகளுக்கே போய் அந்த ஆட்டங்களைப் பாத்துப் படிச்சு, நியூயார்க் வந்து பயிற்சி முறையாவே அமைச்சாங்க. அதுலயும் ஐசொலேஷன் இருக்கு. ஜாக் கோலும் நியூயார்க்ல கறுப்பினத்தவங்க பகுதியான ஹார்லெமோட ஆட்டத்துல இருந்து எடுத்துக்கிட்டவர்தான்.

இதை எனக்குச் சொன்னது கிளாஸ்ல பக்கத்துல நிக்கிற ஒரு அம்மா. ஐம்பது தாண்டினவங்க, ஹார்லெம்லயே பொறந்து வளர்ந்தவங்க. நான் அட்டமி கதையைச் சந்தோஷமா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "உன் பாட்டி எனக்குக் கழுத்து குடுத்தா, சரி. என் பாட்டி உனக்கு மத்த எல்லாம் குடுத்தா"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா சொன்னது சரி.

2023 ஏப்ரல் 10

அந்த அம்மா சொன்ன இடத்தைப் போய்ப் பாத்தேன். லெனாக்ஸ் அவென்யூவுல 140க்கும் 141வது தெருவுக்கும் நடுவுல. 1926ல திறந்த சவாய் பால்ரூம் அங்கதான் இருந்துது. ஸ்விங் இசைக்கு ஜோடியா ஆடற லிண்டி ஹாப் ஆட்டம் செழிச்ச இடம். வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் ஒரே தரையில ஆட அனுமதிச்ச மண்டபம், அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய விஷயம்! 1958ல மூடி, அப்புறம் இடிச்சுட்டாங்க. இப்ப குடியிருப்புக் கட்டடங்கள், ஒரு நினைவுப் பலகை. பலகைக்குப் பக்கத்துல ஒருத்தர் மளிகைப் பையைக் கீழ வெச்சுட்டு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

2023 ஏப்ரல் 23

செருப்பு, ஷூ பத்தி யாரும் கேக்கல, ஆனா கட்டாயம் சொல்லணும்.

நான் ஓடறதுக்குப் போடற ஷூவைப் போட்டுக்கிட்டுப் போனேன். அதோட அடிப்பாகம் தரையைப் பிடிச்சுக்கும், ஓட்டத்துக்கு அதுதான் வேணும். திருப்பம் போடும்போது உடம்பு சுத்திடுச்சு, பாதம் தரையிலேயே நின்னுடுச்சு. நடுவுல மாட்டினது முட்டி. அஞ்சு வாரம் படி ஏறும்போது வலிச்சுது. டான்ஸ் ஸ்னீக்கர்னே விக்குது, முன்பாதத்துக்குக் கீழ வழுவழுன்னு ஒரு வட்டம் இருக்கும், சுத்தறதுக்கு. இல்லன்னா மெல்லிசு தோல் ஜாஸ் ஷூ. புதுசா வாங்க இஷ்டமில்லன்னா பழைய சாக்ஸோட முனையை வெட்டி ஷூவோட முன்பாதி மேல மாட்டிக்கலாம், கிளாஸ்லயே ரெண்டு பேர் அப்படித்தான் ஆடறாங்க. வெறும் சாக்ஸோட மட்டும் ஆடாதீங்க, மரத்தரையில வழுக்கிடும்.

முட்டிக்குப் போடற நீ பேட் ஒரு ஜோடி பையிலேயே இருக்கட்டும். முட்டி போட்டு இறங்கற அசைவு எப்ப வரும்னு சொல்ல முடியாது.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: கிரானைட்லயும் டைல்ஸ்லயும் குதிச்சுப் பழகாதீங்க. ஸ்டூடியோவுல மரத்தரைக்கு அடியில இடைவெளி விட்டு, தரை கொஞ்சம் துள்ளித் தாங்கற மாதிரி அமைச்சிருப்பாங்க. டைல்ஸ் எதையும் தாங்காது, அத்தனையும் முழங்காலுக்குக் கீழ எலும்புல ஏறும். வீட்டுல ஐசொலேஷன், நடை, கை வரைக்கும் போதும்.

2023 மே 7

"எண்ணிக்கையே பிடிபடல, டீச்சர் ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட் சொன்னதும் பயம் வருது"ன்னு எழுதியிருந்தீங்க.

எட்டு. ஆதி தாளம். அவ்வளவுதான்! லகு நாலு, திருதம் ரெண்டு, திருதம் ரெண்டு. நான் இன்னைக்கும் புது காம்பினேஷன், அதாவது கோத்த அசைவு வரிசை, கத்துக்கும்போது தொடையில விரல் போட்டுப் பாத்துக்கறேன். நாலு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட நாலு சுத்துன்னா முப்பத்திரெண்டு கவுண்ட், ஒரு கிளாஸ்ல சொல்லித் தர்றது பெரும்பாலும் அந்த அளவுதான், போனா இன்னும் ரெண்டு மூணு எட்டு.

கஷ்டம் நடுவுல வர்ற "அண்ட்"ல இருக்கு. "ஒன், டூ, அண்ட் த்ரீ"ன்னா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, அரை இடத்துல ஒரு அசைவு. எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கற இடம், அரை இடத்துல வர்ற பதத்துக்கு ஆடியிருந்தா உங்க காதுக்கு இது புதுசில்ல. கால்தான் முதல்ல மறுக்கும். அதுக்கு நான் செய்யறது, காலைத் தொடாம முதல்ல வாயால சொல்றது. டீச்சர் "பூம், கா, அண்ட் பா"ன்னு வாயாலேயே அசைவைப் பாடிக் காட்டுவாங்க, கவனிச்சிருப்பீங்க. அது நம்ம ஜதிச் சொல்லுக்கட்டுதான். அவங்க சொல்ற சொல்லையே மனப்பாடம் பண்ணுங்க. எண்ணை விட்டுட்டு சொல்லைப் பிடிச்ச நாள்ல இருந்துதான் எனக்கு வேகம் வந்துது.

இன்னொண்ணு, ஃபங்க்ல முதல் எண்ணிக்கை ராஜா. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரங்ககிட்ட விடாம கேட்டது அந்த ஒண்ணாவது அடியோட அழுத்தத்தைத்தான். நமக்கு சமம், அதாவது தாளத்தோட முதல் தட்டு, எப்படியோ அப்படி. நடுவுல எதைத் தவற விட்டாலும் ஒண்ணுல வந்து நில்லுங்க, பாக்கறவங்களுக்கு விட்டது தெரியாது.

2023 ஜூன் 18

முதல் கிளாஸுக்குப் போயிட்டு வந்தேன்னு நீங்க எழுதினதைப் படிச்சு அவ்வளவு சந்தோஷம். "எல்லாரும் முடி விரிச்சுப் போட்டிருந்தாங்க, நான் மட்டும் கொண்டை"ன்னீங்க. முதல் நாள் நானும் எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னின சடையோடதான் நின்னேன். இந்த ஆட்டத்துல முடியும் ஒரு அங்கம். தலையைச் சுழட்டி வீசறது நிறைய வரும். ஆனா கழுத்தை மட்டும் சொடுக்காதீங்க, மறுநாள் திரும்ப முடியாது. அசைவு நெஞ்சுல இருந்து கிளம்பணும், தாடை வட்டம் போடணும், தலை கடைசியா வரணும். முதல் மாசம் பாதி வேகத்துல செய்ங்க. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன், எண்ணெய் இறங்கின முடி பறக்காது.

2023 செப்டம்பர் 24

மார்ச்ல "பாலே கட்டாயம் இல்ல"ன்னு எழுதினேன். அதுல இப்பவும் மாற்றமில்ல, ஆனா ஒண்ணு சேர்க்கணும். ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆனதும் எனக்குத் திருப்பம் நின்னுடுச்சு. ஒரு சுத்து வரும், ரெண்டாவது சுத்துல சாஞ்சிடுவேன். கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு நாள் அடிப்படை ஜாஸ் கிளாஸ் போனேன். லூயிஜிங்கிற ஜாஸ் ஆசிரியரோட முறையில வார்ம் அப் செய்வாங்க. லூயிஜி 1946ல கார் விபத்துல பக்கவாதம் வந்து, திரும்ப ஆடணுங்கிற பிடிவாதத்துல தனக்காகவே அமைச்சுக்கிட்ட பயிற்சி அது. பிடிச்சுக்கக் கம்பி கிடையாது. காத்துல ஒரு கம்பி இருக்கிறதா நினைச்சு ரெண்டு கையாலயும் கீழே அழுத்தணும். அழுத்தும்போதே முதுகு தானா நீளும். கையால காத்தை அழுத்தறதுல உடம்பு நிக்குமான்னு எனக்குச் சந்தேகம் இருந்துது. நின்னுச்சு. ஆகஸ்ட் கடைசியில ரெண்டு சுத்து வந்துது, சாயாம.

அதனால: முதல் நாளுக்கு பாலே வேண்டாம், ஜாஸ் வேண்டாம், நேரா ஜாஸ் ஃபங்க் போங்க, ஆசை அங்கதான் இருக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு எங்க முட்டுதுன்னு உடம்பே சொல்லும், அப்ப அடிப்படைக்குத் திரும்புங்க.

கிளாஸ்ல எடுக்கிற வீடியோவுல கட்டாயம் ஆடணுமான்னு கேட்டதுக்குப் பதில்: கடைசியில குழு குழுவா ஆட விட்டு ஃபோன்ல எடுப்பாங்க. வேண்டாம்னா ஓரமா நிக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் எட்டு மாசம் ஓரமாத்தான் நின்னேன். இப்ப நினைச்சா அது பாதகம். கண்ணாடியில பாக்கும்போது நாம நம்மளையே திருத்திக்கிட்டே பாக்கறோம், வீடியோ அப்படியே காட்டும். என் பாதம் விரிஞ்சிருக்கிறதை ஒரே தடவையில புரியவெச்சது வீடியோதான்.

2024 ஜனவரி 7

மாயவரம் போயிட்டு வந்தேன். என் டீச்சரைப் பாக்கப் போனேன், எழுபத்தி நாலு வயசு, இன்னும் கூடத்துல பத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. அமெரிக்காவுல என்னவோ ஆடறியாமேன்னாங்க. அம்மா சொல்லியிருக்காங்க. ஆடிக் காட்டுன்னாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு. இடுப்பு ஆடினதுக்காகத் தட்டுக்கழியால தொடையில அடி வாங்கின அதே கூடம்.

பாட்டு வேண்டாம்னுட்டாங்க. "எத்தனை அட்சரம்?"னு மட்டும் கேட்டாங்க. எட்டு, நாலு ஆவர்த்தனம்னேன். மணைப்பலகையில தட்டுக்கழியால தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நியூயார்க்ல பாப் பாட்டுக்குக் கத்துக்கிட்டதை, சிமெண்ட் தரையில வெறுங்காலோட அந்தத் தட்டுக்கு ஆடினேன். முதல் தடவை முடிஞ்சுது, ஒண்ணும் சொல்லல. "ரெண்டாங்காலம்"னாங்க. இரட்டிப்பு வேகம். மூணாவது ஆவர்த்தனத்துல அரை இடத்துல விழற பால் சேஞ்ச்ல தடுமாறினேன். கழி நின்னுடுச்சு.

"இடுப்பு ஆடுது, அது உன் ஆட்டத்து வழக்கம், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எடை எங்க இருக்குன்னு தெரியாம அடுத்த காலைத் தூக்கற. அது எந்த ஆட்டத்துலயும் தப்பு"ன்னாங்க.

சனிக்கிழமை டீச்சர் ரெண்டு வருஷமா வேற வார்த்தையில சொல்லிக்கிட்டிருக்கிறது இதுதான். திரும்ப ஆடச் சொன்னாங்க. எடை முழுசா இறங்கின பிறகே தூக்கினேன். மார்ச்ல "இன்னும் வரல"ன்னு எழுதின அந்த மூணாவது விஷயம் அந்தக் கூடத்துல ரெண்டு ஆவர்த்தனத்துக்கு வந்துது. சின்னப் பிள்ளைங்க வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. அதுல ஒண்ணு அப்பவே விலாவை நகர்த்திப் பாக்குது.

2024 ஜனவரி 9

நீங்களும் அந்த சனிக்கிழமை கிளாஸுக்கே வர்றேன்னு எழுதியிருக்கீங்க. பத்தரைக்கு ஆரம்பம், பத்து மணிக்கே வந்துடுங்க. ஓரம் சீக்கிரம் நிறைஞ்சிடும். கடைசி வரிசையில நிக்காதீங்க, டீச்சர் எல்லாரையும் பின்பக்கம் திரும்பி நிக்கச் சொல்லும்போது அந்த வரிசைதான் முதல் வரிசை ஆகும். நடு வரிசையில இடது பக்கம், தூணுக்குப் பக்கத்துல நான் இருப்பேன். ஹார்லெம் அம்மா என் வலது பக்கம் நிப்பாங்க. இடது பக்கம் உங்களுக்கு வெச்சிருக்கேன்.